சப்பாத்துப் பெட்டி அளவில் ஒரு சயாம் ரயில் பெட்டி

நிபோங் திபால்: "தாத்தா சயாமுக்குப் போனவர்" என்ற பேச்சைத் தோட்டத்துக் குடும்பங்களில் பிறந்த பலரும் கேட்டிருப்போம். போனவர் திரும்பினாரா, யாரோடு போனார், வீட்டில் யார் யார் அழுதார்கள் என்பதெல்லாம் கதையில் வரும். எந்தப் பெட்டியில் போனார் என்பது மட்டும் பெரும்பாலும் வராது. "கூட்ஸ் வண்டியில ஏத்திக்கிட்டுப் போனாங்க" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும்.

அந்தக் கூட்ஸ் பெட்டியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதைச் சிறிய அளவில், கையால் செய்து பார்ப்பது எப்படி என்பதையும், செய்து பார்த்தால் என்ன தெரியவரும் என்பதையும் சொல்கிறேன்.

பைராம் தோட்டத்துக்காரர்களுக்குப் பக்கத்து ரயில் நிலையம் நிபோங் திபால். பிறையிலிருந்து இந்த வழியாகச் சிரம்பான் வரை 1903-லேயே ரயில் பாதை இணைந்துவிட்டது. வடக்கே அலோர் ஸ்டார், பாடாங் பெசார் வழியாகச் சயாம் பாதையோடு 1918-ல் சேர்ந்தது. ரப்பரையும் அரிசியையும் ஏற்றிச் சென்ற பாதை அது. ஜப்பானியர் 1941 டிசம்பர் 8-ஆம் தேதி கோத்தா பாருவில் இறங்கினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் பினாங்கு அவர்கள் கையில். ரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டங்களில் வேலை இல்லை, அரிசி இல்லை. பர்மாவிலிருந்த ஜப்பானியப் படைக்குக் கடல் வழியாகச் சரக்கு அனுப்புவது ஆபத்தாகிவிட, சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டு வழியே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட முடிவானது. 1942-ல் வேலை தொடங்கி 1943 அக்டோபர் 17-ஆம் தேதி இரு முனையும் இணைந்தன.

மலாயாவிலிருந்து அங்கே கொண்டு போகப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று ஆசை காட்டப்பட்டவர்களும் உண்டு, பிடித்து ஏற்றப்பட்டவர்களும் உண்டு. இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிவைத்து லாரியில் ஏற்றிய கதை பல தோட்டங்களில் சொல்லப்படுகிறது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்களைப் படித்தவர்களுக்கு இந்தப் பின்னணி புதிதல்ல.

இனி பெட்டிக்கு வருவோம்.

வெள்ளைக்காரப் போர்க்கைதிகளும் சிங்கப்பூரிலிருந்து இதே பாதையில்தான் சயாமின் பான்போங் நிலையத்திற்குக் கொண்டு போகப்பட்டார்கள். அவர்களில் பலர் பிறகு நினைவுக்குறிப்பு எழுதினார்கள். அவற்றில் 'அரிசிப் பெட்டி' என்று அந்த வண்டி திரும்பத் திரும்ப வரும். இரும்புத் தகட்டுச் சுவர், இரும்புக் கூரை, நடுவில் இழுத்து மூடும் கதவு, ஜன்னல் கிடையாது. நீளம் ஏறக்குறைய 18 அடி, அகலம் 8 அடி. ஒரு பெட்டிக்கு முப்பது பேர் அளவில் ஏற்றினார்கள். சிங்கப்பூரிலிருந்து பான்போங் போக நான்கைந்து நாள். பகலில் தகடு கொதிக்கும், இரவில் குளிரும். கழிவறை கிடையாது. நம்மவர்களில் மூடிய பெட்டியில் போனவர்களும் உண்டு, திறந்த பெட்டியில் வெயிலிலும் மழையிலும் போனவர்களும் உண்டு. நிபோங் திபாலில் ஏறியவருக்குச் சிங்கப்பூர்த் தூரம் மிச்சம். அப்படியும் பான்போங் வரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். அங்கே இறங்கியபின் முகாமுக்கு நடை.

போர்க்காலப் பெட்டிகளும் மாடல் செய்பவர்களும்

ரயில் மாடல் செய்வது வெளிநாடுகளில் பெரிய பொழுதுபோக்கு. வெறும் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பெட்டியை மாடலாகச் செய்ய உட்காருகிறவர் அதன் நீளம், அகலம், பலகையின் எண்ணிக்கை, ஆணி வரிசை, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதுவரை தேடி எடுக்கிறார். அவர்களில் ஒரு கூட்டத்திற்குப் போர்க்காலப் பெட்டிகள் என்றால் தனி மோகம். போர் வந்தால் வழக்கமான வண்டிகள் மாறிவிடும், விசித்திரமான வண்டிகள் பிறக்கும் என்பதே காரணம்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போரில் இரும்பு முழுவதும் கப்பலுக்கும் டாங்கிக்கும் போனது. எனவே சரக்குப் பெட்டிகளின் இரும்புச் சுவருக்குப் பதிலாகப் பலகை அடித்து, வெளியே இரும்புச் சட்டம் கொடுத்துக் கட்டினார்கள். சரக்கு ரயிலின் கடைசியில் ஊழியர்கள் தங்கும் பெட்டியை அங்கே 'கபூஸ்' என்பார்கள். நம் ஊர் கார்டு வேன் மாதிரி. ரயில்கள் பெருகி அதற்கும் தட்டுப்பாடு வந்தபோது, சில நிறுவனங்கள் பழைய சரக்குப் பெட்டியில் ஜன்னல் வெட்டி, உள்ளே அடுப்பு வைத்து, கபூஸ் ஆக்கிவிட்டன. இப்படிப்பட்ட ஒட்டுப்போட்ட வண்டிகளைத்தான் மாடல்காரர்கள் தேடித் தேடிச் செய்கிறார்கள்.

அதில் ஒன்று நம் கதைக்கு வேண்டும். சிப்பாய்களை ஏற்றிச் செல்லப் பயணிகள் பெட்டி போதாமல், புல்மன் நிறுவனம் 50 அடி சரக்குப் பெட்டியின் வடிவத்தை வைத்தே தூங்கும் பெட்டிகளைக் கட்டியது. மொத்தம் 2,400 பெட்டிகள். மூன்றடுக்குப் படுக்கை, ஜன்னல், கழிவறை, கைகழுவும் தொட்டி. ஒரு பெட்டியில் 29 சிப்பாய்கள், அவர்களைக் கவனிக்க ஒரு பணியாள், ஆக 30 படுக்கை. வால்தர்ஸ் என்ற நிறுவனம் இதை மாடலாக விற்கிறது.

அங்கேயும் முப்பது, இங்கேயும் முப்பது. அங்கே பெட்டியின் நீளம் 15 மீட்டர், ஆளுக்கொரு படுக்கை. இங்கே ஐந்தரை மீட்டர், வெறும் தரை. இரண்டுமே சரக்குப் பெட்டியிலிருந்து வந்தவைதான். எண்களைப் பக்கம் பக்கமாக வைத்தபோதுதான் எனக்கு இது உறைத்தது.

செய்து பார்ப்போம்

மாடலில் இரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று விகிதம், அதாவது நிஜத்தை எத்தனை மடங்கு சுருக்குகிறோம் என்பது. மற்றது கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம். மலாயா, சயாம், பர்மா மூன்றிலும் பாதை மீட்டர் கேஜ், 1,000 மில்லிமீட்டர். மூன்று நாட்டிலும் ஒரே அகலம் இருந்ததால்தான் நம் ஊர்ப் பெட்டிகள் அங்கே ஓட முடிந்தது. இங்கிருந்த தண்டவாளமும் அங்கே போனது. கிழக்குக் கரைப் பாதையில் பெரும்பகுதியையும், தம்பின் – மலாக்கா கிளைப் பாதையையும் ஜப்பானியர் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கடையில் வாங்கும் தண்டவாளத்தில் ஓட வேண்டுமென்றால் 1:87 விகிதம் வசதி. எச்.ஓ. என்பார்கள். இதில் மீட்டர் கேஜ் பதினொன்றரை மில்லிமீட்டர் ஆகும். கடையில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கிறது, அது போதும். அரிசிப் பெட்டி 63 மில்லிமீட்டர் நீளம், 28 மில்லிமீட்டர் அகலம் வரும். ஏறக்குறைய ஒரு தீப்பெட்டி. அழகாக இருக்கும், ஆனால் சின்னப் பிள்ளைகளின் விரலுக்கு அடங்காது.

எனவே நான் சொல்வது 1:20. கணக்கு சுலபம்: நிஜத்தில் 20 சென்டிமீட்டர் என்றால் மாடலில் ஒரு சென்டிமீட்டர். பெட்டி 27.5 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம். சுவர் உயரத்திற்கு 11 செ.மீ. வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட ஒரு சப்பாத்துப் பெட்டி. அகலத்தில் மட்டும் கொஞ்சம் வெட்டவேண்டியிருக்கும். தண்டவாள அகலம் சரியாக 5 செ.மீ. சக்கரம் நான்கு போதும், இவ்வளவு குட்டைப் பெட்டிக்கு இரண்டு அச்சுதான். கெட்டியான அட்டை, வெட்டுக்கத்தி, ஸ்கேல், வெள்ளைப் பசை, சக்கரத்துக்குப் புட்டி மூடி. வேறெதுவும் வாங்க வேண்டியதில்லை. இரும்புத் தகட்டின் ஆணி வரிசை வேண்டுமென்றால், சுவர் அட்டையை ஒட்டுவதற்கு முன் உள்பக்கத்திலிருந்து மை தீர்ந்த பேனாவால் வரிசையாக அழுத்தினால் வெளியே புள்ளி புள்ளியாகப் புடைக்கும். கூரையை ஒட்டாதீர்கள். எடுத்து மூடும்படி விடுங்கள். ஏன் என்று இப்போது தெரியும்.

ஐந்தடிக்குச் சற்று மேல், 160 செ.மீ. உயரமுள்ள ஓர் ஆள் இந்த விகிதத்தில் 8 செ.மீ. தோள் அகலம் 45 செ.மீ. என்றால் இரண்டேகால் செ.மீ. அட்டையில் 8 க்கு இரண்டேகால் அளவில் முப்பது துண்டுகள் வெட்டுங்கள். ஒவ்வொன்றும் படுத்திருக்கும் ஓர் ஆள். கூரையை எடுத்துவிட்டு அவற்றைத் தரையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுக்கிப் பாருங்கள்.

நீளவாக்கில் மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து. பதினைந்து பேர். கடைசியில் மூன்றரை செ.மீ. இடம் மிஞ்சும், அதில் ஒருவரைக் குறுக்கே படுக்க வைக்கலாம். பதினாறு. திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன், அதற்கு மேல் போகவில்லை. மேசைமேல் பதினான்கு துண்டுகள் மீதி.

சரி, எல்லோரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால்? உட்கார்ந்த ஆளுக்கு 75 க்கு 45 செ.மீ. வைத்தால், மாடலில் மூன்றேமுக்கால் க்கு இரண்டேகால். ஏழு வரிசை, வரிசைக்கு ஐந்து, முப்பத்தைந்து பேர் உட்காரலாம். அதாவது முப்பது பேர் உட்கார இடம் உண்டு, ஐந்து ஆள் இடம்தான் மீதி. துணி மூட்டை, சட்டி பானை, தண்ணீர், காய்ச்சல் வந்து உட்கார முடியாமல் சரிந்தவர் எல்லாம் அந்த ஐந்து இடத்துக்குள். 'மாறி மாறித்தான் படுத்தோம்' என்ற பொருளில் போர்க்கைதிகள் எழுதியதைப் படிக்கும்போது மிகைப்படுத்துகிறார்களோ என்று யாருக்காவது தோன்றினால், சப்பாத்துப் பெட்டி பதில் சொல்லிவிடும்.

இந்தப் பயிற்சியைத் தமிழ்ப்பள்ளியின் வரலாற்றுப் பாடத்தில் அரை மணி நேரத்தில் செய்யலாம். நான்காம் ஆண்டுப் பிள்ளைகூடக் கணக்கைப் புரிந்துகொள்ளும். சரித்திரத்தில் பெரிய எண்கள் மனதில் நிற்பதில்லை. மேசையில் மிஞ்சிய பதினான்கு அட்டைத் துண்டுகள் நிற்கும்.

இன்ஜினுக்குக் கிடைத்த மரியாதை

இந்தப் பெட்டிகளை இழுத்த இன்ஜின் எது? சயாம் – பர்மா பாதையில் ஓடியவற்றில் பெயர் பெற்றது ஜப்பானின் சி56. 1935 முதல் 1939 வரை மொத்தம் 160 கட்டினார்கள். அதில் முதல் 90 இன்ஜின்களைப் போருக்காகத் தென்கிழக்கு ஆசியாவுக்கு அனுப்பினார்கள். ஜப்பானில் தண்டவாள அகலம் 1,067 மில்லிமீட்டர் என்பதால் சக்கரங்களை 67 மில்லிமீட்டர் நெருக்க வேண்டியிருந்தது. 1:87 மாடலில் அந்த வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. எனவே ஒரே தண்டவாளத்தில் இரண்டையும் ஓட்டிக்கொள்ளலாம்.

அந்த இன்ஜின்களில் இரண்டு 1979-ல் ஜப்பானுக்குத் திரும்பின. 31-ஆம் எண் இன்ஜின் இன்று தோக்கியோவில் யாசுகுனி ஆலயத்தின் போர் அருங்காட்சியகத்தில் துடைத்து மெருகேற்றி வைக்கப்பட்டிருக்கிறது. 44-ஆம் எண் ஓய்கவா ரயில் பாதைக்குப் போனது. காட்டோ என்ற ஜப்பானிய நிறுவனம் சி56 இன்ஜினைச் சின்ன மாடலாகச் செய்து விற்கிறது. பொழுதுபோக்குக்காரர்கள் வாங்கி ஓட்டுகிறார்கள். அதில் தப்பில்லை, நல்ல மாடல்தான். ஆனால் இன்ஜினுக்குப் பின்னால் வந்த அரிசிப் பெட்டியைக் கடை அலமாரியில் காண முடியாது. அதை நாம்தான் அட்டையில் செய்ய வேண்டியிருக்கிறது.

பெட்டிகள் மட்டுமல்ல, அந்தப் பாதையில் விசித்திரமான வண்டிகளும் ஓடின. லாரியின் ரப்பர் சக்கரத்தைக் கழற்றிவிட்டு ரயில் சக்கரம் மாட்டி, பின்னால் பெட்டிகளைக் கோத்து இழுத்தார்கள் ஜப்பானியர். பாதை முழுதாக முடியாத இடங்களில் இன்ஜினைவிட இது வசதி. எதிரணியும் இதையே செய்தது. 1944-ல் வட பர்மாவில் மிச்சினா பக்கம் நேசநாட்டுப் படைகளுக்கு இன்ஜின் இல்லாதபோது, ஜீப்புக்கு ரயில் சக்கரம் மாட்டிப் பெட்டிகளை இழுக்க வைத்தார்கள். மாடல் செய்ய ஆசைப்படும் பையன்களுக்கு இது நல்ல வேலை: பழைய பொம்மை லாரி ஒன்று போதும்.

ஒரு விஷயம் மட்டும் கவனம். அரிசிப் பெட்டியை அலங்காரப் பொருளாக்கிவிடக் கூடாது. மாடல் உலகத்திலேயே இதுபற்றி இரண்டு கருத்து உண்டு. மனிதர்களைச் சாவுக்கு ஏற்றிச் சென்ற வண்டியை மாடலாகச் செய்வதே தகாது என்பார் சிலர். நான் அந்தக் கட்சி இல்லை. வாஷிங்டனில் உள்ள யூத இன அழிப்பு நினைவு அருங்காட்சியகத்தில், யூதர்களை முகாமுக்குக் கொண்டுபோன வகையைச் சேர்ந்த ஒரு சரக்குப் பெட்டியையே வைத்திருக்கிறார்கள். மக்கள் அதன் உள்ளே நடந்து பார்க்கிறார்கள். பார்ப்பதும் அளப்பதும் அவமரியாதை ஆகாது. பளபளக்கப் பூசி, சிரிக்கும் பொம்மைகளை உட்கார வைத்தால்தான் அவமரியாதை. பொம்மையே வேண்டாம் என்பது என் யோசனை. கதவைப் பாதி திறந்து, உள்ளே வெறும் தரையாக விட்டுவிடுங்கள். நிறமும் அப்படியே. நமக்குக் கிடைக்கும் படங்கள் கறுப்பு வெள்ளை. சாம்பல் நிறத்தின் இரண்டு மூன்று சாயலோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. கீழ்ப்பாகத்தில் கொஞ்சம் செம்மண் நிறத்துத் துரு தொட்டால் தப்பில்லை.

அளவைவிட அவசரமான வேலை

அட்டை எங்கும் ஓடிப்போகாது. ஆட்கள் அப்படி இல்லை. தோட்டங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆள் எடுத்தது 1943-ல். அப்போது பத்து வயதுப் பிள்ளையாக நின்று அப்பாவை வழியனுப்பியவர் இன்று தொண்ணூறைத் தாண்டியவர். காஞ்சனபுரி போர்க்கல்லறையில் கிட்டத்தட்ட ஏழாயிரம் போர்க்கைதிகள் வரிசையாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள், பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல்லும் உண்டு. நம்மவர்களுக்கு அந்த வரிசை இல்லை. அவர்களைப் பற்றிய தகவல் பெரும்பாலும் இருப்பது லயத்தில் சொல்லப்பட்ட பேச்சில்தான்.

ஆகவே மாடல் செய்யும் பிள்ளையின் முதல் வேலை, வீட்டிலுள்ள மூத்தவரிடம் உட்காருவது. "சயாம் கதையைச் சொல்லுங்க பாட்டி" என்று கேட்டால் பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிறுத்திவிடுவார். மாடல்காரரைப் போலக் கேளுங்கள். தாத்தாவை எந்த ஸ்டேஷனில் ஏற்றினார்கள்? நிபோங் திபாலா, பாரிட் புந்தாரா, புக்கிட் மெர்தாஜாமா? தோட்டத்திலிருந்து ஸ்டேஷனுக்கு லாரியா, நடையா? பெட்டி தகரமா, பலகையா? மேலே கூரை இருந்ததா? கதவை வெளியிலிருந்து மூடினார்களா, திறந்தே வைத்திருந்தார்களா? ஒரு பெட்டியில் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்களா? சாப்பாடு எங்கே கொடுத்தார்கள்? கையில் என்ன எடுத்துக்கொண்டு போனார்? இப்படிச் சின்னச் சின்னதாகக் கேட்டால், மறந்துபோனதாக நினைத்தவையும் வெளியே வரும். சொன்னது சொன்னபடியே கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். புத்தகத்தில் படித்ததோடு ஒத்துப்போகவில்லை என்றாலும் திருத்தாதீர்கள். பாட்டி பலகைப் பெட்டி என்று சொன்னால் பலகைப் பெட்டியாகவே செய்யுங்கள்.

முடித்தபின் அடியில் ஒரு சிறு அட்டை ஒட்ட வேண்டும். அருங்காட்சியகங்களில் செய்வது போலத்தான். விகிதம் 1:20. நிஜ அளவு 18 அடிக்கு 8 அடி. அளவு எங்கிருந்து வந்தது: போர்க்கைதிகளின் நினைவுக்குறிப்புகள். கதவு, கூரை பற்றிய விவரம் யார் சொன்னது, அவர் உங்களுக்கு என்ன உறவு, எந்தத் தேதியில் சொன்னார். பிறகு, தெரிந்தால், போனவரின் பெயர், தோட்டத்தின் பெயர், ஏறிய ஸ்டேஷன். பெயர் தெரியாவிட்டால் அந்த வரியைக் காலியாக விடுங்கள். பின்னால் யாராவது வந்து நிரப்பக்கூடும்.